பள்ளி நூலகத்தை இணையத்துக்குக் கொண்டுவருதல்: பட்டியல் முதல் செயற்கை நுண்ணறிவுத் தேடல் வரை முழுமையான வழிகாட்டி

பள்ளி நூலகத்துக்கு இணையத்தளம் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். நிறம், சின்னம், படங்கள் எல்லாம் அழகாக அமைந்துவிடும். அப்புறம் ஒரு மாணவி தேடல் பெட்டியில் "மழை எப்படிப் பெய்கிறது" என்று தட்டுவாள், ஒன்றும் வராது. அந்த நூல் அலமாரியில் இருக்கும். பட்டியலில் அதன் தலைப்பு பிழையாக ஏறியிருக்கும், அல்லது ஏறியே இருக்காது.

கைபேசியில் நிறுவிக்கொள்ளும் வலைச்செயலி, அலமாரியில் ஒட்டிய கியூஆர் கோடு, பேச்சு நடையில் கேட்டால் நூலைக் காட்டும் செயற்கை நுண்ணறிவு என்று இப்போது வந்துகொண்டிருக்கும் எல்லாமே கடைசியில் அந்த ஒரே பட்டியலைத்தான் படிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பட்டியலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு கணினி, கேமரா உள்ள ஒரு கைபேசி, லேபிள் அச்சிட ஒரு லேசர் பிரிண்டர், நூலகத்தின் இருப்புப் பதிவேடு. கருவிகள் இவ்வளவு போதும். இங்க்ஜெட் அச்சு ஈரக்கை பட்டால் கலங்கும். அதனால்தான் லேசர் என்கிறேன்.

கருவிகளைவிட முக்கியமானவை இரண்டு. முதலாவது, பொறுப்பேற்கும் ஒரு ஆள். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று தொடங்கிய பட்டியல்களில் ஒரே எழுத்தாளர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பார். பலர் தட்டச்சு செய்யலாம். எப்படி எழுதுவது என்று முடிவெடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில். யார் தேடப் போகிறார்கள்? எந்தக் கருவியில் தேடுவார்கள்? இணைய இணைப்பு எப்போதும் இருக்குமா, விட்டுவிட்டு வருமா? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பின்னால் 5, 8, 9 ஆகிய படிகளைத் தீர்மானிக்கும்.

2. கழிக்க வேண்டியதை முதலில் கழியுங்கள்

பூச்சி அரித்தவை, பக்கம் இழந்தவை, காலாவதியான பாடநூல்கள், ஒருவரும் தொடாத கூடுதல் பிரதிகள் ஆகியவற்றைத் தனியே எடுத்து, உரிய அனுமதியுடன் பதிவேட்டிலிருந்து நீக்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால், குப்பைக்குப் போக வேண்டிய நூலுக்கும் பதிவு எழுதி லேபிள் ஒட்டி, மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டிவரும்.

அனுமதி கிடைக்கத் தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டாம். அந்த நூல்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள்.

3. ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண்

நூலின் பின்னட்டையில் ஏற்கெனவே ஒரு பார்கோடு இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கூடாது. அந்தப் பார்கோடு ஐஎஸ்பிஎன், அதாவது சர்வதேசத் தர நூல் எண். அது பதிப்பைக் குறிக்கிறது, உங்கள் கையிலிருக்கும் பிரதியை அல்ல. ஒரே அறிவியல் நூலின் ஐந்து பிரதிகளுக்கும் அது ஒன்றுதான். எந்தப் பிரதி யாரிடம் போனது, எது தொலைந்தது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் இட்டிருக்கும் வரிசை எண்ணான அக்சஷன் எண்ணையே பிரதியின் பார்கோடாக ஆக்குங்கள். எல்லா எண்களும் ஒரே நீளத்தில் இருக்கட்டும்: 37 என்பது 000037 ஆகட்டும். அப்போதுதான் கணினி எண்களைச் சரியாக வரிசைப்படுத்தும். பார்கோடு வகைகளில் கோடு 128 (Code 128) நல்லது. சிறிய இடத்தில் அடங்கும்.

லேபிளை நூலின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் இருப்புச் சரிபார்ப்பின்போது ஒவ்வொரு நூலையும் திறக்க வேண்டும். கோடுகளின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிடாதீர்கள். ஸ்கேனர் பார்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிவது அந்த வெள்ளைப் பகுதியை வைத்துத்தான்.

4. பட்டியலை எழுதுதல்

முழு வேலையிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். அவசரப்பட வேண்டாம்.

விரிதாளில் தொடங்குவது எளிது. தலைப்பு, துணைத்தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன், பகுப்பு எண், மொழி, அக்சஷன் எண், அலமாரி, தேடுசொற்கள் என ஒவ்வொன்றும் ஒரு பத்தி (நெடுவரிசை). நூலை ஏற்றும் முன் ஐஎஸ்பிஎன், அக்சஷன் எண் ஆகிய இரண்டு பத்திகளையும் எண்ணாக இல்லாமல் உரையாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 13 இலக்க ஐஎஸ்பிஎன் சுருங்கி 9.78 என்று தொடங்கும் அடுக்குக்குறி எண்ணாகிவிடும். அப்படியே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வடிவில் சேமித்து மூடினால் கடைசி இலக்கங்கள் திரும்ப வராது. 000037-இல் உள்ள பூஜ்யங்களும் பறிபோகும்.

2007-க்கு முன் வந்த நூல்களில் 10 இலக்க ஐஎஸ்பிஎன் இருக்கும். அதன் முன்னால் 978 சேர்த்தால் 13 ஆகிவிடும் என்று நினைத்து அப்படியே ஏற்றுவார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 978 சேர்த்ததும் அதை மறுபடி கணக்கிட வேண்டும். 13 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இந்தச் சூத்திரத்தை விரிதாளில் ஒரு பத்தியாகப் போட்டுவிட்டால், ஒரு இலக்கம் தவறினாலும் அந்த வரி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய நூலுக்குக் கற்பனை எண் போடாதீர்கள். காலியாக விடுங்கள்.

ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்து ஓப்பன் லைப்ரரி போன்ற தளங்களிலிருந்தும், நூலகங்களின் பட்டியலைத் தொலைவிலிருந்து தேட உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகப் பெரிய நூலகங்களிலிருந்தும் ஆயத்தப் பதிவுகளை இறக்கலாம். ஆங்கில நூல்களுக்கு இது பெரிய உதவி. தமிழ் நூல்களுக்குக் கிடைக்கும் பதிவுகளில் பல ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டிருக்கும். அப்படியே ஏற்றினால், தமிழில் தேடும் பிள்ளைக்கு அந்த நூல் அகப்படாது. தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.

தமிழ்த் தட்டச்சில் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் சில உண்டு. "கௌதம புத்தர்" என்ற தலைப்பைப் பாருங்கள். சரியான முறையில் க-வுக்கு அடுத்து வருவது ஔகாரக் குறி, ஒரே குறியீடு. பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, அடுத்து ள என்ற எழுத்தைத் தட்டி "கெளதம" என்று எழுதுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். "ஔ" எழுத்தை "ஒள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவதும் இதே கதைதான். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். "ஒளி", "கெளுத்தி" போன்ற சரியான சொற்களும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

இதேபோல "கொ" என்பதை ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். "ஸ்ரீ" எழுத்துக்கும், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கமான யூனிகோடில் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உண்டு. முதல் சிக்கலை யூனிகோட் இயல்பாக்கம் என்ற தானியங்கிப் படி சரிசெய்துவிடும். ஏற்றும் முன் அதை ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டாவதை அது தொடாது. பழைய கோப்புகள் பாமினி, டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மேற்சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

ஆசிரியர் பெயருக்கு ஒரு விதி எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். முன்னெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளிக்குப் பிறகு இடைவெளி உண்டா, புனைபெயரா இயற்பெயரா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எந்த விதி என்பது பெரிதல்ல. எல்லாப் பதிவிலும் ஒரே விதியாக இருந்தால்தான், ஒருவரைச் சொடுக்கினால் அவருடைய எல்லா நூல்களும் ஒரே பக்கத்தில் வரும்.

பகுப்பு எண்ணுக்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி முறை பள்ளிகளில் போதும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சிறிய நூலகத்தில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேல் போனால் அடுக்கும் மாணவர்கள் குழம்பிவிடுகிறார்கள்.

கடைசியாகத் தேடுசொற்கள். என் கருத்தில், ஒரு பள்ளி நூலகர் பட்டியலுக்குச் சேர்க்கக்கூடிய மிக மதிப்புள்ள பத்தி இதுதான். "வளிமண்டலவியல்" என்று எந்தப் பிள்ளையும் தேடாது. "மழை, இடி, மின்னல், மேகம், புயல்" என்றுதான் தேடும். நூலைக் கையில் வைத்திருக்கும்போதே ஐந்தாறு சொற்கள் எழுதிவிடுங்கள், கூடவே எந்த வயதினருக்கு என்றும் ஒரு வரி. இதைப் பிறகு செய்யலாம் என்று விட்டால் எல்லா நூலையும் மறுபடி கையிலெடுக்க வேண்டும்.

5. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பதிவுகளை எல்லாம் மார்க் 21 வடிவத்தில் நானே வெளியே எடுக்க முடியுமா? மார்க் 21 என்பது நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவம்; ஐஎஸ்பிஎன்னுக்கு 020, ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245 என்று புலங்களுக்கு எண் இருக்கும். நீங்கள் எழுதிய தேடுசொற்கள் 653-இலும் வயது வரி 521-இலும் போகும். இப்படி வெளியே எடுக்க முடியாத மென்பொருளில் சேர்ந்தால், அதை விட்டு வெளியேறும் நாளில் பட்டியலும் உங்களுடன் வராது.

திறந்த மூல மென்பொருளில் கோஹா பரவலானது. வலை உலாவியிலேயே முழுவதும் இயங்கும். ஆனால் லினக்ஸ் சர்வர் அமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லாத சிறிய பள்ளி அதில் இறங்க வேண்டாம். ஒழுங்காகப் பராமரித்த விரிதாளிலிருந்து எளிய தேடல் பக்கம் ஒன்றை அமைத்துத் தொடங்கலாம். இணைய இணைப்பு நம்பத்தகாதது என்றால் சர்வரைப் பள்ளிக்குள்ளேயே, உள் வலையமைப்பில் வையுங்கள்.

கோஹாவை ஸீப்ரா தேடுபொறியுடன் நிறுவுகிறவர்கள் தமிழ்ப் பதிவுகளை ஏற்றும் முன் அட்டவணையாக்கத்துக்கு (தேடலுக்காகச் சொற்களைத் தொகுத்துவைக்கும் வேலைக்கு) பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து அமைந்த மற்ற முறையில் விட்டால், பதிவு திரையில் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாது. பதிவில்தான் பிழை என்று நினைத்துப் பல நாள் அதையே துழாவிக்கொண்டிருப்பார்கள்.

6. மாணவர்களைத் தேடவிட்டுப் பார்த்தல்

தளத்தை வெளியிடும் முன் ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, தேடுவதை வேடிக்கை பாருங்கள். "இந்தப் பொத்தானை அழுத்து" என்று சொல்லாதீர்கள். ஒன்றும் கிடைக்காத தேடல்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பில் மூன்று வகை இருக்கும். நூல் இருந்தும் சொல் பொருந்தாதவை. இவற்றுக்குத் தேடுசொல் சேர்க்க வேண்டும். எழுத்துப் பிழைகள், தேடுபொறியின் பிழைபொறுக்கும் வசதியை இயக்க வேண்டும். நூலே இல்லாதவை, அடுத்த கொள்முதல் பட்டியல் அதுதான்.

தமிழ் எழுத்துரு எப்படித் தெரிகிறது என்றும் அப்போதே பாருங்கள். வரி உயரம் குறைவாக இருந்தால் மேலே ஈகாரக் கொக்கியும் கீழே ஊகாரச் சுழியும் வெட்டுப்பட்டுத் தெரியும். எழுத்து நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வலை அணுகல் வழிகாட்டு நெறி. வெளிர்சாம்பல் எழுத்துகள் இதில் தேறாது.

7. மாணவர் தரவைப் பூட்டிய பிறகே பெயர்களை ஏற்றுங்கள்

நூல்களை ஏற்றிய உற்சாகத்தில் மாணவர் பட்டியலையும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பெயர், வகுப்பு, பிறந்த நாள், படம், பெற்றோர் கைபேசி எண் எல்லாம் போய்விடும். நூல் கொடுத்து வாங்க இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. சேர்க்கை எண், பெயர், வகுப்பு போதும். சேமிக்காத தரவு கசியாது.

ஒரு பிள்ளை என்ன படிக்கிறது என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். வளரிளம் பருவ உடல் மாற்றங்கள் பற்றியோ மன அழுத்தம் பற்றியோ ஒரு நூலை எடுத்துப்போனது அடுத்த வகுப்புக்குத் தெரியும் என்றால், அந்த நூலை அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள். நூல் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயரை வரலாற்றிலிருந்து அகற்றும் வசதி கோஹாவில் உண்டு. அதை முதல் நாளே இயக்குங்கள். "வெளியே இருக்கிறது" என்று பொதுப் பக்கம் காட்டலாம். யாரிடம் என்று காட்டக் கூடாது.

பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். வகுப்பில் எல்லாருக்கும் எல்லாருடைய பிறந்த நாளும் தெரியும்.

8. கைபேசிக்குக் கொண்டுபோதல்

தனிச் செயலி எழுத வேண்டாம். செயலிக் கடைகளின் விதிகளுக்கும் புதுப்பிப்புகளுக்கும் ஈடுகொடுக்கப் பள்ளியால் முடியாது. தளத்தையே கைபேசித் திரையில் நிறுவிக்கொள்ளும்படி அமைப்பதுதான் முற்போக்கு வலைச்செயலி. சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரல் பட்டியலின் ஒரு பிரதியைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்வதால், இணைப்பு போனாலும் தேடலாம்.

இதற்குத் தளம் எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும் பாதுகாப்பான) முகவரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வீஸ் ஒர்க்கர் பதிவாகாது, பார்கோடு படிக்கக் கேமராவும் திறக்காது. உருவாக்குபவரின் கணினியில் எல்லாம் சரியாக வேலை செய்து, பள்ளிக் கைபேசியில் மட்டும் கேமரா மறுக்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். சொந்தக் கணினி முகவரிக்கு உலாவிகள் விலக்கு அளிக்கின்றன. எச்டிடிபிஎஸ்-க்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. அது அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும், ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அன்றே செய்துவிடுங்கள்.

இணைப்பில்லாத நேரத்தில் பட்டியலைத் தேட விடுங்கள், ஆனால் முன்பதிவு செய்ய விடாதீர்கள். இருவர் இணைப்பின்றி ஒரே பிரதியை முன்பதிவு செய்தால் இருவரிடமும் "கிடைத்தது" என்று காட்டிவிட்டுப் பின்னர் ஒருவரை ஏமாற்ற நேரும். "பட்டியல் கடைசியாகப் புதுப்பித்த நாள்" என்று ஒரு வரியும் தெரியட்டும்.

அலமாரிக்குக் கியூஆர் கோடு வைப்பது இந்தப் படியில்தான். அதில் உங்கள் தளத்தின் நிரந்தர முகவரியையே பொதியுங்கள். இலவசச் சுருக்க முகவரிச் சேவைகளை நம்பி அச்சிட்டால், சேவை நிற்கும் நாளில் எல்லா லேபிளும் வீண். உயர்ந்த பிழைதிருத்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். பிள்ளைகள் கை படும் இடத்துக்கு அது வேண்டும்.

9. மின்னூல்களைச் சேர்த்தல்

நூலகத்தில் அச்சு நூல் இருக்கிறது என்பதற்காக அதை ஸ்கேன் செய்து தளத்தில் போட உரிமை வந்துவிடாது. பதிப்புரிமை முடிந்தவை, திறந்த உரிமத்தில் வந்தவை, உரிமையாளர் எழுத்தில் அனுமதித்தவை ஆகியவற்றை மட்டும் சேர்த்து, ஒவ்வொரு பதிவிலும் உரிமக் குறிப்பை எழுதுங்கள். பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் உண்டு.

வடிவம் இபப் ஆக இருப்பது நல்லது. திரை அகலத்துக்கு ஏற்ப வரிகள் தாமே மடங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், திரைவாசிப்பானும் படிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதற்குள் தேட வேண்டுமானால், படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி ஓட்ட வேண்டும். டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் படிக்கும், ஆனால் ஆள் உட்கார்ந்து திருத்தாமல் வெளியிட வேண்டாம்.

இணைப்பு குறைந்த பள்ளிக்குக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் நல்ல வழி. விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி உள் சர்வரில் வைத்துவிட்டால், பள்ளி வை-ஃபையில் உள்ள எல்லாக் கருவிகளும் இணையமின்றிப் படிக்கலாம். அதற்கும் பட்டியலில் ஒரு பதிவு போடுங்கள். பட்டியலில் இல்லாததை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

10. செயற்கை நுண்ணறிவுத் தேடல்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இது. "என் தங்கைக்கு இருட்டென்றால் பயம், அவளுக்கு ஏதாவது கதை இருக்கா?" என்று கேட்டால், அந்தச் சொற்கள் எதுவும் தலைப்பில் இல்லாத நூலையும் பொருள்வழித் தேடல் எடுத்துக் காட்டும். தலைப்பும் தேடுசொற்களும் எண்வரிசைகளாக மாறி, கேள்வியின் எண்வரிசையோடு ஒப்பிடப்படுவதால் இது நடக்கிறது. பதிவில் வெறும் தலைப்பு மட்டும் இருந்தால் ஒப்பிட ஒன்றுமிருக்காது. நான்காம் படியில் உட்கார்ந்து எழுதிய தேடுசொற்கள் இங்கேதான் உதவுகின்றன.

உரையாடல் பொறியை வைப்பதானால் அது உங்கள் பட்டியலிலிருந்து மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதிவின் இணைப்பு இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத நூற்பெயரைத் திரையில் காட்டாதபடி நிரலிலேயே தடுங்கள். இந்தப் பொறிகள் இல்லாத நூலை ஆசிரியர் பெயரோடு நம்பும்படி சொல்லிவிடும். வெளியிடும் முன், உங்களிடம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பத்து நூல்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துக்கும் "இல்லை" என்று சொன்னால்தான் அது தேறியது.

மாணவர் பெயரோ எடுத்த நூல்களின் வரலாறோ வெளிச் சேவைக்குப் போகக் கூடாது. பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தோரைத் தம் விதிகளிலேயே அனுமதிப்பதில்லை. அதையும் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

11. காப்புப்பிரதியும் கைமாற்றமும்

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று பள்ளிக்கு வெளியே. மாதம் ஒருமுறை மார்க் 21 கோப்பையும் தனியே எடுத்துவையுங்கள். மென்பொருளே போனாலும் அது வேறொன்றில் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது காப்புப்பிரதியிலிருந்து வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். திறக்காத கோப்பை ஆண்டுக்கணக்கில் சேமித்துக்கொண்டிருந்தது தெரியவருவது பெரும்பாலும் சர்வர் பழுதான அன்றுதான்.

பொறுப்பாளர் மாற்றலாகிப் போகும் நாள் வரும். தள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், கடவுச்சொற்கள் எங்கே பூட்டப்பட்டிருக்கின்றன, ஆசிரியர் பெயர் எழுதும் விதி என்ன என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். முகவரியும் மின்னஞ்சலும் தனியாள் பெயரில் இல்லாமல் பள்ளியின் பெயரில் இருக்கட்டும்.